மாறாக வந்த முடிவை மறுக்கும் உரிமை

உணவுப் பொருளையோ சத்து மாத்திரையையோ சோதிக்கும் ஆய்வகத்தில், முன்கூட்டியே எழுதி வைத்த வரம்புக்கு வெளியே ஒரு முடிவு வரும்போது எழும் கேள்வி வேதியியலுக்கு மட்டும் உரியதாகத் தோன்றும். ஆனால் அதன் அடியில் இருப்பது மிகப் பழைய கேள்வி. கண்முன் வந்த ஒன்றை நம்ப மறுக்க ஒருவருக்கு எப்போது உரிமை உண்டு?

சீட்டில் 500 மில்லிகிராம் வைட்டமின் சி என்று அச்சிட்ட மாத்திரையில் 430தான் இருப்பதாகக் கருவி காட்டுகிறது என்று கொள்வோம். மாத்திரையில் உண்மையிலேயே சத்து குறைந்திருக்கலாம். கரைசலாக்கிய பிறகு நெடுநேரம் மேசையில் கிடந்ததால் வைட்டமின் சிதைந்திருக்கலாம். அஸ்கார்பிக் அமிலம் நீர்க் கரைசலில் அவ்வளவு எளிதாக ஆக்சிஜனேற்றம் அடையும். எடுத்த மாதிரி அந்தப் பேட்ச் முழுவதற்கும் பொருந்தாததாகவும் இருக்கலாம். 430 என்ற எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இவற்றில் எது நடந்தது என்பதை அது சொல்லாது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூஹெம் 1906-இல் வெளியிட்ட நூலில் இதைப் பொது விதியாகவே வைத்தார். எந்தச் சோதனையும் ஒரு கருதுகோளை மட்டும் தனியே நிறுத்திச் சோதிப்பதில்லை. கருவியும் முறையும் அவற்றின் பின்னே நிற்கும் கோட்பாடுகளும் சேர்ந்தே சோதனைக்கு உள்ளாகின்றன. முடிவு மாறி வந்தால் இவற்றுள் ஏதோ ஒன்று பிழை என்று தெரியும். எது என்பது தெரியாது.

இந்த இடைவெளியில்தான் விருப்பம் நுழைகிறது. ஆலைக்குச் சரக்கு வெளியே போக வேண்டும். சோதித்தவருக்குத் தன் கை பிசகியிருக்குமோ என்ற அச்சம். மேலாளருக்கு விசாரணை நடத்தி அறிக்கை எழுதும் சுமை. மூவருக்கும் வசதியான விடை ஒன்றே: சோதனையில்தான் ஏதோ தவறு. அந்த விடை சில நேரம் உண்மையாகவும் இருக்கும். வசதியானது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் வசதியான விடைக்குக் கேட்கப்படும் சான்று எப்போதும் குறைவு. ஐயப்படுவதற்கும் விதி வேண்டியிருப்பது இதனால்தான்.

மருந்து ஆலைகளில் வரம்புக்கு வெளியே வரும் முடிவை ‘ஓ.ஓ.எஸ்.’ (அவுட் ஆஃப் ஸ்பெசிஃபிகேஷன்) என்பார்கள். அதைக் கையாளும் நெறி ஒரு நீதிமன்றத்தில் கூர்மை பெற்றது. பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், நியூ ஜெர்சி மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் 1993 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். தேறாத பேட்சைத் தேறும் வரை திரும்பத் திரும்பச் சோதித்து, கடைசியாகத் தேறிய முடிவை மட்டும் வைத்துக்கொண்டு சரக்கை வெளியே விடுவதை அவர் ஏற்கவில்லை. ஒரு முடிவை ஆய்வகப் பிழை என்று ஒதுக்க வேண்டுமானால் அந்தப் பிழை எங்கே நிகழ்ந்தது என்று காட்டியாக வேண்டும் என்பது தீர்ப்பின் உயிர்நாடி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006-இல் வெளியிட்டு 2022-இல் திருத்திய வழிகாட்டி இந்த அடித்தளத்தின் மீது எழுந்தது. அது மருந்துக்காக எழுதப்பட்டதென்றாலும், சத்து மாத்திரைகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள் பலவும் அதன் வழியையே மாதிரியாகக் கொள்கின்றன. சத்து மாத்திரைகளுக்கென 2007-இல் தனி உற்பத்தி விதிகள் வந்தபோது, வரம்பு மீறிய எதையும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஆராய்ந்து, முடிவெடுத்து, எழுத்தில் பதிய வேண்டும் என்பது அங்கும் சட்டமானது.

நீதிபதி தொட்ட இடத்தை இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகள் முன்பே ஆழமாக உழுதிருக்கிறார்கள். ஓர் அறிவு எழுந்தவுடன் அதை உண்மை என்று கொள்ளலாமா, அல்லது வேறொன்றைக் கொண்டு உறுதி செய்த பிறகே கொள்ள வேண்டுமா என்பது பிராமாண்ய வாதம் என்னும் பெரு விவாதம். தமிழுக்கும் இந்தக் கவலை புதிதல்ல. மணிமேகலையின் சமயக் கணக்கர் காதை, அறிவைப் பெறும் வழிகளான அளவைகளை எண்ணிச் சொல்வதோடு நில்லாமல், அளவை போலத் தோன்றி ஏமாற்றும் எட்டையும் வரிசைப்படுத்துகிறது. ஒன்றை வேறாகக் கொள்வதும், ஐயத்தில் நிற்பதும், ஆராயாமலே தெளிந்துவிடுவதும் அந்த எட்டில் அடங்கும். சிவஞான சித்தியாரின் சுபக்கம் இறைவனைப் பற்றிப் பேசும் முன் அளவையைப் பற்றிப் பேசுகிறது.

பிராமாண்ய வாதத்தில் எதிரெதிராக நின்றவை மீமாம்சை, நியாயம் என்ற இரு தத்துவ மரபுகள். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் மீமாம்சை ஆசிரியர் குமாரில பட்டர், அறிவு தன்னளவிலேயே செல்லுபடியாகும் என்றார். அது வீழ்வதற்கு இரண்டு வழிகளே உண்டு. அந்த அறிவைப் பிறப்பித்த காரணத்தில் குற்றம் இருந்ததாகத் தெரிய வேண்டும். காமாலைக் கண்ணுக்கு வெண்சங்கு மஞ்சளாகத் தெரிவது இதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. அல்லது பின்னால் வரும் வலுவான அறிவு அதைத் தள்ள வேண்டும். விளக்கைக் கொண்டுவந்து பார்த்ததும் பாம்பு கயிறாவது போல. இந்த இரண்டும் நிகழாத வரை முதல் அறிவு நிற்கும். நியாய மரபினர் இதை ஒப்பவில்லை. அறிவு எழும்போதே உண்மையென்று முத்திரை குத்திக்கொண்டு வருவதில்லை. அதன் உண்மை வெளியிலிருந்து, பயனைக் கொண்டோ வேறு அளவையைக் கொண்டோ தெரிய வேண்டும் என்றார்கள். தண்ணீர் என்று கண்டது தண்ணீர்தான் என்பது தாகம் தீர்ந்த பிறகே உறுதியாகும். அப்படியானால் உறுதி செய்யும் அறிவை எது உறுதி செய்யும், இதற்கு முடிவு எங்கே என்று மீமாம்சகர் கேட்டனர். நியாய ஆசிரியர் உதயனர் ஐயத்துக்கே ஓர் எல்லை வகுத்தார்: எதைத் தொடர்ந்து ஐயுற்றால் ஐயுறுபவரின் சொந்தச் செயலே பொருளற்றுப் போகுமோ, அங்கே ஐயம் நின்றுவிட வேண்டும்.

ஒழுங்காக நடக்கும் ஆய்வகம் இந்த இரு மரபுகளையும் ஏற்கிறது, வேறு வேறு நேரத்தில். சோதனைக்கு முன் அது நியாய வழி நடக்கிறது. தராசும் பிப்பெட்டும் அளவுத்திருத்தம் செய்யப்பட்டவையா, முறை இந்தப் பொருளுக்கு ஏற்றது என்று நிறுவப்பட்டதா, விடை முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரி அன்று சரியான விடையைத் தந்ததா என்று எல்லா நம்பகமும் வெளியிலிருந்து பெறப்படுகிறது. முடிவு வந்த பிறகு அது மீமாம்சையின் பக்கம் நிற்க வேண்டும். இந்த முறையை நம்பலாம் என்று முன்பே ஒப்புக்கொண்டுதான் சோதனை தொடங்கியது. விடை பிடிக்கவில்லை என்பதற்காக அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாது. காரணக் குற்றம் காட்டப்பட்டால் மட்டுமே பெற முடியும். சோதனைக்கு முன் கேள்வியின்றி நம்பிவிட்டு, முடிவு வந்த பின் முறையைக் குறை சொல்லும் வரிசை மாறிய ஆய்வகத்தில் எந்த முடிவுக்கும் பொருள் இல்லை.

காரணக் குற்றத்தைத் தேடுவது விசாரணையின் முதல் கட்டம். கரைசல்களையும் குடுவைகளையும் கொட்டிவிடாமல் வைத்திருப்பது அதன் உயிர். சோதித்தவரும் மேற்பார்வையாளரும் உடனே உட்கார்ந்து, எடை சரியாகப் பதிவானதா, எத்தனை மடங்கு நீர்த்தது, எந்த ஸ்டாண்டர்டு, கணக்கில் பிசகு உண்டா, குரோமடோகிராமின் கோடுகள் வழக்கமான வடிவில் உள்ளனவா என்று பார்க்கிறார்கள். வைட்டமின் சி கரைசல் நான்கு மணி நேரம் வெளியே கிடந்தது பதிவில் தெரிந்து, அப்படிக் கிடந்தால் அளவு குறையும் என்பதும் சோதித்துக் காட்டப்பட்டால், 430 என்ற எண் நியாயமாகவே விலக்கப்படும். காமாலைக் கண் கண்டறியப்பட்டது. ‘கிடந்திருக்கக் கூடும்’ என்ற ஊகம் போதாது. இந்த ஒரு வேறுபாட்டைக் காக்கத்தான் விதிப் புத்தகங்களும் கையெழுத்துகளும்.

காரணம் எதுவும் அகப்படாதபோது மறுசோதனைக்கு வருகிறார்கள். பின்னால் வரும் அறிவு முன்னதைத் தள்ளும் என்றால், மறுசோதனையில் தேறியது முதல் முடிவைத் தள்ளாதா? தள்ளாது, தானாகத் தள்ளாது. கயிறு என்ற இரண்டாம் அறிவு பாம்பு என்ற முதல் அறிவை வெல்வது அது பின்னால் வந்ததால் அல்ல. விளக்கோடு, அருகே சென்று பார்த்ததால். அதே முறை, அதே கருவி, அதே மாதிரி என்றால் இரண்டாம் முடிவின் கையில் எந்த விளக்கும் இல்லை. இரண்டும் சம வலிமை கொண்டவை. எத்தனை முறை மறுசோதனை செய்யலாம் என்பதை விசாரணைக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், தேறும் வரை எண்ணிக்கையை நீட்டக் கூடாது என்று அமெரிக்க வழிகாட்டி சொல்வது இதனால்தான். குமாரிலரும் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். தம் நூலான சுலோக வார்த்திகத்தில், மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் தேட வேண்டியதில்லை, அதற்குள் தீர்ந்துவிடும் என்கிறார். முடிவற்ற சரிபார்ப்பும் ஒரு வகையில் முடிவைத் தவிர்ப்பதே என்பதை அவர் கண்டிருந்தார்.

சராசரி எடுப்பது இன்னொரு தப்பிக்கும் வழி. குறைந்தபட்சம் 90 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முடிவு 87, மற்றது 95 என்றால் சராசரி 91. தாளில் தேறிவிட்டது. ஆனால் அந்த 87 உண்மையானால், அந்த மாத்திரையை விழுங்குபவர் சராசரியை விழுங்குவதில்லை. பேட்சுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிப்பதே சோதனையின் நோக்கம் என்னும்போது, அந்த ஏற்றத்தாழ்வையே மறைக்கும் கணக்கு சோதனையின் நோக்கத்தைத் தோற்கடிக்கிறது.

மேலே சொன்னதெல்லாம் மாதிரி சீரானது என்ற எண்ணத்தில் சொன்னது. உணவில் அது பல நேரம் உண்மையல்ல. நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு எல்லாப் பருப்பிலும் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளில் மிக அதிகமாக இருக்கும், மற்றவற்றில் இருக்காது. ஒரே மூட்டையிலிருந்து எடுத்த இரண்டு மாதிரிகள், இரண்டும் பிழையின்றிச் சோதிக்கப்பட்டும், முற்றிலும் வேறான விடைகளைத் தரலாம். இங்கே இரண்டாம் அறிவு முதலாவதைத் தள்ளவே முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை அல்ல. சால்மோனெல்லா கிருமிக்கும் இதே நிலை. முதல் மாதிரியில் கிருமி இருந்தது, இரண்டாவதில் இல்லை என்றால், முதல் மாதிரி எடுத்த இடத்தில் கிருமி இருந்தது என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

இந்தத் தர்க்கத்தைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கண்ட கொடிய சான்று அமெரிக்காவின் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா. ஜார்ஜியா மாநிலம் பிளேக்லியில் இருந்த அதன் ஆலையில் நிலக்கடலைப் பொருள்களில் சால்மோனெல்லா இருப்பதாக முடிவு வந்த பிறகும், மறுசோதனையில் இல்லை என்று வந்ததை வைத்துச் சரக்கு வெளியே போயிருக்கிறது. இப்படி ஒரு முறை அல்ல, 12 முறை நடந்ததை அரசின் ஆய்வு கண்டது. 2008-09-இல் பரவிய நோயில் 714 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. 9 பேர் இறந்தனர். நிறுவனத்தின் தலைவர் ஸ்டூவர்ட் பார்னலுக்கு 2015-இல் 28 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே ஆய்வகம் தன் வேலையைச் செய்தது, அதன் சொல்லைக் கேட்டவர்கள் தங்கள் வேலையைச் செய்யவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் நீதி உண்டு. நியாயமான ஐயத்தை அடக்குவதும் பிழைதான். 2015 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் எரிக் ஷ்னைடர்மன், நான்கு பெரிய கடைத்தொடர்களில் விற்ற மூலிகை மாத்திரைகளை டிஎன்ஏ முறையில் சோதித்து, சீட்டில் சொன்ன மூலிகையின் டிஎன்ஏ 21 விழுக்காடு சோதனைகளில் மட்டுமே கிடைத்தது என்று அறிவித்தார். செய்தி பரவிய வேகத்தில் எல்லா மாத்திரையும் போலி என்ற எண்ணம் பரவியது. மூலிகை வேதியியலாளர்கள் உடனே எழுப்பிய கேள்வி சரியானது. மூலிகையைக் கரைப்பானில் ஊறவைத்து, சூடாக்கி, வடித்து எடுக்கும் சாற்றில் டிஎன்ஏ சிதைந்திருக்கும் அல்லது வடிகட்டலில் போயிருக்கும். அதைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மூலிகை இல்லை என்று பொருளாகாது. இது கருவியின் கோளாறு அல்ல, கருவிக்கும் பொருளுக்கும் பொருந்தாமை. அதுவும் காரணக் குற்றமே. அதே ஆண்டு மார்ச்சில் கடைத்தொடர்களில் ஒன்று அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டில், சாறெடுக்கும் முன் மூலச்செடியிலேயே டிஎன்ஏ சோதனை செய்ய ஒப்புக்கொண்டது. ஐயம் கேட்கப்பட்டதால் சோதனை அதற்குரிய இடத்துக்கு நகர்ந்தது.

அதே 2015-இல் இந்தியாவில் மேகி நூடுல்ஸ் விவகாரம் வெடித்தது. உத்தரப் பிரதேசத்தின் பாரபங்கியில் எடுத்த மாதிரியில், கொல்கத்தாவின் மத்திய உணவு ஆய்வகம் 10 இலட்சத்தில் 17.2 பங்கு ஈயம் கண்டது. அனுமதித்த வரம்பு 2.5. ஜூன் மாதம் நாடெங்கும் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை விலக்கியது. சோதித்த ஆய்வகங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை என்பன அதன் காரணங்கள். மொகாலி, ஜெய்ப்பூர், ஹைதராபாத் ஆகிய இடங்களின் அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மீண்டும் சோதிக்க உத்தரவிட்டது; ஈயம் வரம்புக்குள் இருப்பதாக அவை சொன்னதும் நவம்பரில் விற்பனை மீண்டும் தொடங்கியது. இந்தத் தீர்ப்பு நியாய மரபின் குரலைப் போல ஒலிக்கிறது. அளவையின் தகுதி முன்பே நிறுவப்பட்டிருக்க வேண்டும், பின்னால் ஒட்டவைக்க முடியாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், எடுத்த மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்கச் சொல்வதன் பயனும் இங்கேதான் விளங்கும். முடிவு மறுக்கப்பட்டால், மறுப்பைத் தீர்க்க அதே மாதிரியின் இன்னொரு பங்கு கையில் இருக்கும்.

இரண்டு நேர்மையான ஆய்வகங்கள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கும் அளவு உண்டு. அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் ஹார்விட்ஸ் 1980-இல், ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் பொருளின் செறிவு குறையக் குறையப் பெருகுவதைக் காட்டினார். 10 இலட்சத்தில் ஒரு பங்கு என்ற செறிவில் அது ஏறக்குறைய 16 விழுக்காடு. 100 கோடியில் ஒரு பங்கு என்றால் 45 விழுக்காடு. ஆகவே 2.5 என்ற வரம்பைச் சுற்றி 2.4-உம் 2.7-உம் வருவது வியப்புக்குரியதல்ல. 17.2-ஐ இந்தச் சிதறலால் விளக்க முடியாது. அவ்வளவு பெரிய இடைவெளி எப்போதும் ஒரு காரணத்தைக் கேட்டு நிற்கும்.

விதிகள் எவ்வளவு நுட்பமானாலும் அவற்றில் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. அவை வரம்பு மீறிய முடிவை மட்டுமே விசாரிக்கச் சொல்கின்றன. எதிர்பார்த்தபடி வந்த முடிவை யாரும் விசாரிப்பதில்லை. 2008-இல் சீனாவில் பால் மாவில் மெலமின் கலக்கப்பட்டது இந்த இருளில்தான். புரதத்தை நேராக அளக்காமல் நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுவது கெல்டால் முறை. மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நீர் கலந்த பால் சோதனையில் தேறியது. எந்த எண்ணும் யாரையும் எச்சரிக்கவில்லை. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர், 6 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. 1989-இல் அமெரிக்காவில் எல்-ட்ரிப்டோஃபேன் என்ற துணை உணவை உட்கொண்ட 1,500-க்கு மேற்பட்டோர் கடும் தசைவலி நோய்க்கு ஆளாகி, 30-க்கு மேற்பட்டோர் இறந்தபோதும் இப்படித்தான். நோயோடு தொடர்புபட்ட பேட்சுகள் தூய்மைச் சோதனையில் தேறி வந்தவை. பிறகு குரோமடோகிராம்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அவற்றில் சிறு சிறு முகடுகளாக வேற்றுப்பொருள்கள் தென்பட்டன. எவ்வளவு ட்ரிப்டோஃபேன் என்ற கேள்விக்கு அந்தப் பேட்சுகள் சரியான விடை தந்தன. வேறென்ன இருக்கிறது என்று கேட்கப்படவில்லை.

விரும்பிய விடையிடமும் விரும்பாத விடையிடமும் ஒரே அளவு சான்று கேட்பதே அறிவின் நேர்மை. இதில் உயர்ந்த முன்மாதிரி ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. 1892-இல் அவர் காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனும் அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனும் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டதைக் கண்டார். அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடத் தக்க வேறுபாடு அது. அவர் அதைக் குறைக்க முயலாமல் பெருக்க முயன்றார். நைட்ரஜன் முழுவதையும் அம்மோனியாவிலிருந்தே பெறும்படி முறையை மாற்றியதும் வேறுபாடு இருநூற்றில் ஒன்றாக வளர்ந்தது. இரண்டே ஆண்டில் வில்லியம் ராம்சேயும் அவரும் ஆர்கான் என்ற புதிய தனிமத்தை அறிவித்தார்கள். சிறு முரண் கண்டால் அது மறைகிறதா என்று பார்ப்பவரும் வளர்கிறதா என்று பார்ப்பவரும் ஒரே மறுசோதனையைத்தான் செய்கிறார்கள்; கேட்கும் கேள்வி வேறு.

எல்லாத் தேடலுக்குப் பிறகும் காரணம் தெரியாமல், முடிவுகள் சம வலிமையோடு மோதி நிற்கும் நேரம் வரும். ஒன்றையொன்று சமன் செய்யும் ஏதுக்களால் எந்தப் பக்கமும் நிறுவப்படாது என்பது நியாய மரபின் முடிவு. ஆனால் சரக்கை அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். இங்கே அறிவின் கேள்வி அறத்தின் கேள்வியாகிறது. கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபர்ட் 1877-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் உரிமையாளர் வருகிறார். பழைய கப்பலைப் பற்றி எழுந்த ஐயங்களை அடக்கி, அது பத்திரமாகப் போகும் என்று தம்மையே நம்பவைத்துக்கொள்கிறார். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்பது கிளிஃபர்டின் தீர்ப்பு, ஏனென்றால் கையில் இருந்த சான்று அப்படி நம்ப அவருக்கு உரிமை தரவில்லை. உணவில் இந்தத் தீர்ப்பு இன்னும் கடுமையாகப் பொருந்தும். பேட்சைத் தள்ளினால் இழப்பு தெரிந்தே ஏற்றவருக்கு; அனுப்பினால் ஆபத்து ஒன்றும் அறியாமல் உண்பவருக்கு, பெரும்பாலும் நோயாளிக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும். சம ஐயத்தில் உண்பவர் பக்கம் சாய்வதே முறை. காரணம் கண்டறியப்படவில்லை என்று அறிக்கையில் எழுதி, பேட்சைத் தள்ளிக் கையெழுத்திடுவது எந்த ஆய்வகத்துக்கும் இழுக்கு ஆகாது. அந்த அறிக்கையில் முதலில் வந்த எண்ணும் இருக்க வேண்டும். அதை அழித்துவிட்ட ஆய்வகத்தின் வேறு எந்த எண்ணையும் நம்ப வேண்டிய கடமை எவருக்கும் இல்லை.